‘மத்மொசெல்’ நாதியா பூலான்ஜே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய செவ்வியல் இசை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்த ஒருவரைப் பற்றித்தான் நண்பர்கள் என்னைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

யார் இந்த நாதியா பூலான்ஜே?

பிரெஞ்சு இசையமைப்பாளர், ஆர்கன் வாசிப்பவர், வாத்தியக் குழு நடத்துநர். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியர். 1887 செப்டம்பர் 16 அன்று பாரிஸில் பிறந்தார். 1979 அக்டோபர் 22 அன்று அதே நகரத்தில் இறந்தார். 92 ஆண்டு வாழ்வில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஆரன் கோப்லண்ட், எலியட் கார்ட்டர், அஸ்தோர் பியாசோலா, குவின்சி ஜோன்ஸ், ஃபிலிப் கிளாஸ், மிஷேல் லெக்ராண்ட் என்று அவரிடம் படித்தவர்களின் வரிசை நீண்டுகொண்டே போகும். இவர்களில் ஒருவருடைய இசை மற்றவருடையதைப் போல இருக்காது. அதுதான் அந்த ஆசிரியரின் பெருமை என்பது என் எண்ணம்.

பெயரை எப்படிச் சொல்வது? ‘மத்மொசெல்’ என்பது என்ன?

‘பூலான்ஜே’ என்றால் பிரெஞ்சில் ரொட்டி சுடுபவர். அதனால் அவருடைய வகுப்பையே ‘பூலான்ஜெரி’, அதாவது ரொட்டிக்கடை என்று மாணவர்கள் கேலியாக அழைத்தார்கள். ‘மத்மொசெல்’ என்பது மணமாகாத பெண்ணை அழைக்கும் மரியாதைச் சொல். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 90 வயதிலும் மாணவர்களுக்கு அவர் மத்மொசெல்தான்.

இசைக் குடும்பத்தில் பிறந்ததால் எல்லாம் எளிதாகக் கிடைத்துவிட்டதா?

குடும்பம் இசைக் குடும்பம்தான். தந்தை எர்னஸ்ட் பூலான்ஜே 1835இல் ரோம் பரிசு என்ற பெரிய அரசுப் பரிசை வென்ற இசையமைப்பாளர். தாய் ரைஸா ரஷ்யப் பெண். எர்னஸ்டிடம் பாட்டுக் கற்க வந்து அவரையே மணந்துகொண்டவர். நாதியா பிறந்த நாள் தந்தையின் 72ஆவது பிறந்தநாள். ஆம், எழுத்துப் பிழை இல்லை, எழுபத்திரண்டுதான்.

வேடிக்கை என்னவென்றால், குழந்தை நாதியாவுக்கு இசை என்றாலே ஆகாது. வீட்டில் யாராவது வாசித்தால் அலறி அழுவாராம். ஐந்து வயது வாக்கில் ஒரு நாள் தெருவில் தீயணைப்பு வண்டியின் ஓசை கேட்டிருக்கிறது. ஓடிப்போய்ப் பியானோவின் முன் உட்கார்ந்து அந்த ஓசை எந்தக் கட்டையில் இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிட்டார். பிற்காலத்தில் அவரே சொன்ன கதை இது. வெறுப்பு என்று வீட்டார் நினைத்தது அளவுக்கு மீறிக் கேட்கும் காதின் வேதனையாகவும் இருந்திருக்கலாம்.

அதன் பிறகு வேகம்தான். ஒன்பது வயதில் பாரிஸ் கன்சர்வத்வார் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 1904இல், 16 வயதில், ஆர்கன், பியானோ துணைவாசிப்பு, ஃபியூக் ஆகிய மூன்றிலும் முதல் பரிசு. இசையமைப்பில் ஆசிரியர் கப்ரியேல் ஃபோரே. ஆனால் தந்தை 1900இலேயே இறந்துவிட்டார். தாயும் தங்கை லிலியும் அவரை நம்பி இருந்தார்கள். 1904இலேயே வீட்டில் டியூஷன் எடுக்கத் தொடங்கிவிட்டார். ‘எளிதாகக் கிடைத்தது’ என்று சொல்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1908இல் நடந்த ‘ஃபியூக் விவகாரம்’ என்ன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

ரோம் பரிசு பிரெஞ்சு அரசின் மிக உயர்ந்த இசைப் போட்டி. பெண்கள் அதில் கலந்துகொள்ள 1903இல்தான் அனுமதி கிடைத்தது. முதல் சுற்றில் ஒரு கருத்தொடரைக் கொடுப்பார்கள், அதாவது சில அளவைகள் (தாளில் இரண்டு கோடுகளுக்கு நடுவே வரும் தாளப் பகுதிகள்) நீளமுள்ள ஒரு மெட்டு. அதை வைத்து ஃபியூக் எழுத வேண்டும். ஒரு குரல் மெட்டைத் தொடங்க, அடுத்த குரல் வேறு சுருதியில் அதையே எடுக்க, மூன்றாவது, நான்காவது என்று ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும் வடிவம் அது. மனிதக் குரல்களுக்காக எழுத வேண்டும் என்பது விதி.

அந்த ஆண்டு மெட்டைக் கொடுத்தவர் கமீய் சான்-சான்ஸ், பிரெஞ்சு இசையின் பெரிய தலைக்கட்டு. 20 வயது நாதியா அந்த மெட்டைப் பார்த்தார். இது பாடுவதற்கு உரியதல்ல, வாத்தியத்துக்கு உரியது என்று முடிவு செய்தார். நான்கு தந்திக் கருவிகளுக்காக எழுதிக் கொடுத்துவிட்டார்.

சான்-சான்ஸ் கொதித்துப்போனார். போட்டியிலிருந்தே நீக்க வேண்டும் என்றார். செய்தி பத்திரிகைகளுக்குப் போய்ப் பெரிய ரகளையானது. நடுவர் குழுவில் மற்றவர்கள் இசைந்ததால் இறுதிச் சுற்றுக்குப் போனார். ‘லா சிரேன்’ என்ற கந்தாத்தாவுக்கு, அதாவது குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த நீண்ட பாட்டுப் படைப்புக்கு, இரண்டாம் நிலைப் பரிசு பெற்றார். மறு ஆண்டு மறுபடி முயன்றார், ஒன்றும் கிடைக்கவில்லை.

விதியை மீறியது சரியா என்று கேட்பார்கள். விதிப்படி பார்த்தால் தவறுதான். ஆனால் ஒரு மெட்டு தனக்கு என்ன வேண்டும் என்று சொல்வதைக் காதால் கேட்டு, எதிரே இருப்பவர் யார் என்று பாராமல் அதன்படி நடந்த அந்தப் பெண்தான் பின்னாளைய ஆசிரியர்.

தங்கை லிலிதான் உண்மையான மேதை என்கிறார்களே?

நாதியாவே அப்படித்தான் சொன்னார். லிலி 1893இல் பிறந்தவர். இரண்டு வயதில் வந்த நிமோனியாவுக்குப் பிறகு உடல் தேறவே இல்லை. 1913இல், 19 வயதில், ‘ஃபாஸ்ட் எ எலேன்’ கந்தாத்தாவுக்கு ரோம் முதல் பரிசு பெற்றார். இசைப் பிரிவில் அந்தப் பரிசை வென்ற முதல் பெண் அவர். அக்காவுக்கு மூடிய கதவு தங்கைக்குத் திறந்தது.

1918 மார்ச் 15 அன்று லிலி இறந்தார். வயது 24. கடைசிப் படைப்புகளில் ஒன்றான ‘பியே ஜெசு’வைப் படுக்கையில் இருந்தபடி வாயால் சொல்ல, நாதியா எழுதிக்கொண்டார். ஒவ்வொரு சுரமாக, எந்தக் கருவிக்கு, எவ்வளவு நீளம் என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதுவதை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகள் லிலியின் இசையை மேடையேற்றுவதைத் தன் கடமையாக வைத்துக்கொண்டார்.

தங்கை இறந்த துக்கத்தில்தான் இசையமைப்பதை விட்டாரா?

எல்லாக் கட்டுரைகளிலும் வரும் கதை இது. கண்ணீர் வரவழைக்கும் கதைதான். ஆனால் தேதிகளை அடுக்கிப் பார்த்தால் அவ்வளவு நேராக இல்லை.

லிலி இறப்பதற்கு முன்பே நாதியாவுக்கு ஓர் அடி விழுந்திருந்தது. பியானோ கலைஞர் ராவுல் ப்யூன்யோ அவரைவிட 35 வயது மூத்தவர். மேடையில் இணை, எழுத்திலும் இணை. இருவரும் சேர்ந்து ‘லேஸ் எர் கிளேர்’ என்ற பாடல் தொகுப்பையும், இத்தாலியக் கவிஞர் தனுன்சியோவின் நாடகத்தை வைத்து ‘லா வீல் மோர்த்’ என்ற ஓபராவையும் எழுதினார்கள். 1914 ஜனவரியில் கச்சேரிக்காக மாஸ்கோ போன இடத்தில் ப்யூன்யோ இறந்துபோனார். அந்த ஆண்டு பாரிஸில் அரங்கேற இருந்த ஓபராவை ஆகஸ்டில் வெடித்த உலகப் போர் விழுங்கிவிட்டது. நான்கு ஆண்டு உழைப்பு அலமாரிக்குள் போனது.

பிறகுதான் 1918. அதன் பிறகும் சில பாடல்கள் எழுதினார். 1920களின் தொடக்கத்தில் எழுதுவது நின்றது. தன் இசை மோசமானதல்ல, ஆனால் பயனற்றது என்ற பொருளில் பல முறை சொல்லியிருக்கிறார். விட்டது சரிதானா என்று ஃபோரே கேட்டபோதும் அந்தத் தீர்ப்பை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

வீட்டுச் செலவையும் மறக்க வேண்டாம். பாடம் சொன்னால் மாதம் பிறந்ததும் பணம் வரும்; ஓபரா எழுதினால் வராது. இழப்பு, ஏமாற்றம், சம்பாத்தியம், தன் மீதே இரக்கமில்லாத காது ஆகிய நான்கும் சேர்ந்துதான் பேனாவை மூடின. இதில் ஒன்றை மட்டும் எடுத்துக் காவியமாக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் இசை உண்மையிலேயே பயனற்றதா?

இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மத்மொசெல் சொன்னதை நான் ஏற்கவில்லை.

செல்லோவுக்கும் பியானோவுக்கும் 1914இல் எழுதிய ‘மூன்று சிறு படைப்புகளை’ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய எட்டு நிமிடம். முதலாவதில் பியானோ நீரலை போல நடுங்கிக்கொண்டே இருக்க, அதன் மேல் செல்லோ சத்தத்தை அடக்கிக்கொண்டு பாடுகிறது. இரண்டாவதில் ஒரு கருவி சொன்னதை மற்றொன்று சற்றுப் பின்தங்கி அப்படியே திருப்பிச் சொல்கிறது. கவனித்துக் கேட்காவிட்டால் அப்படி ஒரு கட்டுப்பாடு இருப்பதே தெரியாது. தாலாட்டு போல நகர்ந்து போய்விடும். மூன்றாவது படபடவென்று துள்ளுகிறது.

பேரிசை என்று சொல்லமாட்டேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுசியின் வாசனை அடிக்கிறது, அது உண்மை. ஆனால் இன்றைக்கு உலகம் முழுவதும் செல்லோக் கலைஞர்கள் இதை வாசிக்கிறார்கள். அந்த ஓபராவும் 2005இல் இத்தாலியின் சியெனாவில் ஒலித்தது, 2024இல் நியூயார்க்கில் மேடையேறியது.

வகுப்பில் அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தார்?

அடிப்படை. திரும்பத் திரும்ப அடிப்படை. ஹார்மனி (சுரங்களை ஒன்றாக அடுக்குவது), கவுண்டர்பாயிண்ட் (பல மெட்டுகளைச் சேர்த்துப் பின்னுவது), சுரம் படித்தல், காதுப் பயிற்சி. கீழ்க்குரல் ஒன்றைக் கொடுத்து, மேலே மூன்று குரல்களை அமைத்து, அதையே எல்லாச் சுருதிகளிலும் பியானோவில் வாசிக்கச் சொல்வார். நம் ஊர்ப் பாட்டு வகுப்பில் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடச் சொல்லும் ஆசிரியரை நினைத்துக்கொண்டால் அந்த மனநிலை பிடிபடும்.

இன்னொரு பயிற்சி: ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கோரால், அதாவது தேவாலயப் பாடல், நான்கு குரல்களில் இருக்கும். மூன்றை விரல்களால் வாசித்துக்கொண்டு நான்காவதை வாயால் பாட வேண்டும். பிறகு வேறொரு குரலைப் பாட வேண்டும். இப்படி நான்கும் முடியும் வரை. படிக்கும்போது எளிதாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உட்கார்ந்து முயன்று பார்த்தேன். மேல் குரலைப் பாடுவதில் சிரமம் இல்லை, மெட்டே அதுதான். உள்ளே கிடக்கும் டெனர் குரலைப் பாடத் தொடங்கியதும் இரண்டாவது அளவையிலேயே தொண்டை என்னைக் கேட்காமல் மெட்டுக்குத் தாவிவிட்டது. இழுத்துப் பிடித்துக் கொண்டுவந்தால் இடது கை நின்றுவிடுகிறது. நான்கு வரியைத் தாண்ட அரை நாள் ஆனது. மெட்டை மட்டுமே கேட்டுப் பழகிய காது என்னுடையது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

புதன்கிழமைகளில் அவர் வீட்டில் எல்லோருக்கும் பொதுவான வகுப்பு. முகவரி ரூ பல்யூ, 36ஆம் எண், நான்காம் மாடி. 1904இல் குடிபோன அந்த வீட்டில் இறக்கும் வரை இருந்தார். கூடத்தில் ஆர்கனும் பியானோக்களும் இருந்தன. பாக்கின் கந்தாத்தாக்களை மாணவர்களே பாடுவார்கள். ஒரு வாரம் பழைய இத்தாலிய மேதை மான்தெவெர்தி, ஒரு வாரம் அக்காலத்து ரஷ்யர் ஸ்திராவின்ஸ்கியின் மை காயாத படைப்பு. முடிந்ததும் தேநீரும் கேக்கும்.

‘லா கிராந்த் லீன்’, நீண்ட கோடு, என்று ஒரு சொல் அடிக்கடி அவர் வாயில் வருமாம். முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை ஒரு படைப்பில் இழை அறாமல் ஓட வேண்டும் என்பது அதன் பொருள்.

இத்தனை அமெரிக்கர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்?

1921இல் பாரிஸுக்கு அருகே ஃபோந்தேன்ப்ளோ அரண்மனையில் அமெரிக்க மாணவர்களுக்காகக் கோடைக்கால இசைப் பள்ளி தொடங்கியது. ஹார்மனி ஆசிரியர் நாதியா. புரூக்ளினிலிருந்து வந்த ஆரன் கோப்லண்டுக்கு மறுபடியும் ஹார்மனி படிப்பதில் விருப்பம் இல்லை. இன்னொரு மாணவி வற்புறுத்தியதால் ஒரு நாள் எட்டிப் பார்த்தார். அன்று நாதியா முசோர்க்ஸ்கியின் ‘போரிஸ் கொதுனோவ்’ ஓபராவின் ஒரு காட்சியை விளக்கிக்கொண்டிருந்தார். கோப்லண்ட் அங்கேயே மனதைப் பறிகொடுத்துவிட்டார். ஒரு பெண்ணிடம் இசையமைப்புப் படிக்கப் போவதாக அதுவரை எவரும் கேள்விப்பட்டதில்லை என்பதால் தயங்கியதாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். தயக்கம் நீங்கிப் பாரிஸில் தங்கிப் படித்தார். அவர் சொல்லக் கேட்டு அடுத்தவர்கள் கப்பல் ஏறினார்கள்.

1925 ஜனவரி 11 அன்று நியூயார்க்கில் கோப்லண்ட் எழுதிய ஆர்கன் சிம்பொனி அரங்கேறியபோது ஆர்கன் வாசித்தவர் ஆசிரியரேதான். நடத்துநர் வால்ட்டர் டாம்ராஷ் அவையோரைப் பார்த்து, இந்த இளம் வயதில் இப்படி எழுதுகிறவன் இன்னும் ஐந்து ஆண்டில் கொலையும் செய்யத் தயாராகிவிடுவான் என்று கிண்டலடித்தார்.

எல்லா மாணவர்களையும் ஒரே அச்சில் வார்த்தாரா?

இலக்கணத்தில் ஒரே அச்சு. பேச்சில் அவரவர் பேச்சு. அர்ஜென்டினாவின் பியாசோலா 1954இல் ஒரு கட்டு இசைப்பிரதிகளோடு வந்தார். படித்துப் பார்த்தவர், நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, இங்கே ஸ்திராவின்ஸ்கி இருக்கிறார், இங்கே பார்தோக் இருக்கிறார், பியாசோலாவை மட்டும் காணோமே என்றார். இரவு விடுதிகளில் டாங்கோ என்ற நடன இசையை வாசித்துப் பிழைத்ததை அவர் வெட்கப்பட்டு மறைத்திருந்தார். நோண்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு டாங்கோவை வாசிக்கச் சொன்னார் நாதியா. பியாசோலா ‘திரியுன்ஃபால்’ வாசித்தார். இதுதான் பியாசோலா, இதை விட்டுவிடாதே என்றார் நாதியா. பியாசோலா வாழ்நாள் முழுவதும் சொல்லி மகிழ்ந்த கதை. சொல்லச் சொல்ல அதில் கொஞ்சம் மெருகு ஏறியிருந்தாலும் வியப்பில்லை.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேல் பரிந்துரைத்தும் மறுத்தார். தான் கொடுக்கக்கூடியது அவருக்கு வேண்டியதல்ல என்று கண்டுகொண்டார்.

இந்திய இசையோடு ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. ஆனால் ஒரு மாணவர் வழியாக அழகான ஓர் உறவு உண்டு. ஃபிலிப் கிளாஸ் 1964இல் பாரிஸ் வந்தபோது வயது 27. நியூயார்க்கின் ஜூலியர்ட் இசைப் பள்ளியில் பட்டம் வாங்கியவர். அவர் காட்டிய பக்கங்களைப் புரட்டிய நாதியா ஓர் அளவையைக் காட்டி, இதை எழுதியவர் ஓர் இசையமைப்பாளர் என்றார். மற்றவை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முதல் பாடத்திலிருந்து தொடங்கினார்கள்.

அதே காலத்தில் ஒரு படத்துக்கு இசையமைக்கப் பாரிஸ் வந்திருந்த ரவிசங்கருக்கு உதவியாளராகச் சேர்ந்தார் கிளாஸ். சித்தார் இசையைப் பிரெஞ்சு வாத்தியக்காரர்களுக்குப் புரியும்படி தாளில் எழுதித்தர வேண்டும். எங்கே அளவைக்கோடு போட்டாலும் தப்பான இடத்தில் அழுத்தம் விழுந்தது. தபலா மேதை அல்லா ரக்கா, எல்லாச் சுரமும் சமம் என்று திரும்பத் திரும்பச் சொல்ல, கடைசியில் கோடுகளையே அழித்துவிட்டார். தாளம் புரிந்தது. ஒருவர் அச்சத்தால் கற்பித்தார், ஒருவர் அன்பால் கற்பித்தார் என்று நாதியா, ரவிசங்கர் இருவரையும் சேர்த்தே கிளாஸ் நினைவுகூர்கிறார். அச்சத்தால் கற்பித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாத்தியக் குழுக்களையும் நடத்தினாரா?

நடத்தினார். 1937இல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மானிக் சொசைட்டியின் கச்சேரி. 1938இல் பாஸ்டன் சிம்பொனி. 1939இல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக். பாஸ்டன் குழுவை நடத்திய முதல் பெண் அவர். ஒரு பெண்ணாக அந்த மேடையில் நிற்பது எப்படி இருக்கிறது என்று நிருபர்கள் கேட்டார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேலாகப் பெண்ணாக இருக்கிறேன், முதலில் ஏற்பட்ட வியப்பு தீர்ந்துவிட்டது என்றார். மான்தெவெர்தியின் மாத்ரிகல்களை, அதாவது பல குரல் பாடல்களை, 1937இல் இசைத்தட்டில் பதிவு செய்து, மறந்துபோயிருந்த அந்த இசையை மறுபடி வீடுகளுக்குள் கொண்டுவந்ததும் அவர்தான்.

அவரிடம் குறையே இல்லையா?

ஏன் இல்லை? கண்டிப்பு சில நேரம் கொடுமையாக மாறும். அழுதுகொண்டே படியிறங்கியவர்கள் உண்டு. பன்னிரண்டு சுரங்களுக்கும் சம இடம் தரும், ஷோன்பெர்க் வழிவந்த பன்னிரு சுர முறையில் அவருக்கு ஈடுபாடு இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவின் இளைஞர்கள் அந்தப் பக்கம் போனபோது, இவர் ஸ்திராவின்ஸ்கியைப் பற்றிக்கொண்டு நின்றார். தெயா மஸ்கிரேவ், கிராஜினா பாட்செவிச், லூயிஸ் தால்மா போன்ற பெண் இசையமைப்பாளர்கள் அவரிடம் படித்தார்கள். ஆனால் பெண்ணுரிமைக் கொடி எதையும் அவர் பிடித்ததில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பணம் இல்லாத மாணவர்களிடம் கட்டணம் வாங்கமாட்டார், வேலையும் தேடிக்கொடுப்பார்.

கன்சர்வத்வாரில் பேராசிரியராக இருந்தாரா?

போர்க்காலத்தை அமெரிக்காவில் கழித்துவிட்டு 1946இல் திரும்பிய பிறகு இருந்தார். அப்போது வயது 58. கொடுத்ததும் இசையமைப்பு வகுப்பு அல்ல, பியானோ துணைவாசிப்பு வகுப்பு. 1957இல் ஓய்வு. உலகத்துக்கே இசையமைப்பாளர்களை அனுப்பியவருக்கு ஊரில் கிடைத்த நாற்காலி அவ்வளவுதான்.

அந்த வீடு இன்னும் இருக்கிறதா?

கட்டடம் பாரிஸின் ஒன்பதாம் வட்டத்தில் இருக்கிறது. நாதியா இருக்கும்போதே வாசலுக்கு முன்னால் உள்ள சிறு சதுக்கத்துக்கு நகராட்சி பெயர் சூட்டியது, முகவரியும் மாறியது. நாதியாவின் பெயர் அல்ல: பிளாஸ் லிலி பூலான்ஜே. கடைசிக் காலத்தில் கண் மங்கிப்போன நிலையிலும் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் இருந்து வந்த கடிதங்கள், தங்கையின் பெயரைத் தாங்கித்தான் வந்தன.